சிடியா, டவுன்லோடா? உப்புக்காற்று வீசும் ஊரில் கேம் வாங்குவோருக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டி, தவளக்குப்பத்தில் கடல் பக்கம் திரும்பினால் பூரணாங்குப்பம். இந்தப் பக்கத்தில் சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். அதே உப்புக்காற்று டிவி ஸ்டாண்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அதனால் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வாங்க நினைக்கும் வீட்டில், கேமைச் சிடியாக வாங்குவதா, டவுன்லோடு செய்துகொள்வதா என்ற கேள்வி எழும்போது, பெருநகரத்துக்காரர் அதிகம் யோசிக்காத சிலவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உப்பு, வெள்ளம், நெட் எல்லாமே இந்தக் கணக்கில் வருகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோலை வாங்குவதே நல்லது. பெரிய கதை உள்ள கேம்களைச் சிடியாக வாங்கலாம். குறைந்த விலைக்குக் கிடைக்கும் சின்ன கேம்களை டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

இந்த விஷயத்தில் பாதி முடிவு கேம் வாங்கும்போது எடுப்பது இல்லை, கன்சோல் வாங்கும் அன்றே எடுத்துவிடுகிறோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ம் தேதி வெளிவந்தது. அப்போது டிஸ்க் போடும் வசதியுள்ளது 49,990 ரூபாய், அது இல்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990 ரூபாய். 2024 ஏப்ரலில் ஸ்லிம் மாடல் வந்தபோது விலை 54,990, 44,990 என்று ஏறியது. இரண்டு முறையும் வித்தியாசம் சரியாகப் பத்தாயிரம். எக்ஸ்பாக்ஸில் 2020-ல் 34,990 ரூபாய்க்கு வந்த சீரிஸ் எஸ் மாடலுக்கு டிரைவே கிடையாது.

பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டல் மாடலை எடுத்துவிட்டால், ஸ்லிம் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் ஒழிய, கேம் வாங்க ஒரே ஒரு கடைதான். அண்ணன் வைத்திருக்கும் பழைய பிளேஸ்டேஷன் 4 சிடியை அதில் போட முடியாது. பக்கத்துத் தெரு நண்பனிடம் இரவல் வாங்க முடியாது, செகண்ட்ஸிலும் வாங்க முடியாது. டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் பிளேஸ்டேஷன் 4 சிடிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடும்.

அந்தப் பத்தாயிரம் திரும்பி வருமா? ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் புது கேம் இன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. 4,500 ரூபாய்க்குச் சிடி வாங்கி, இரண்டு மாதத்தில் முடித்து, 2,500 ரூபாய்க்குக் கைமாற்றினால் செலவு இரண்டாயிரம்தான். நான்கு கேம்களை இப்படி விற்றாலே டிரைவுக்குக் கொடுத்த கூடுதல் பணம் கைக்கு வந்துவிடும். டவுன்லோடு செய்த கேமை விற்க முடியாது. அக்கவுண்ட்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் விதிமுறை இடம் கொடுப்பதில்லை. டவுன்லோடு தொடங்கிவிட்டால் பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்பதும் கஷ்டம்.

கிராமத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒருவர் வாங்கினால் சித்தப்பா பிள்ளை, மாமா பையன், கிரிக்கெட் டீம் நண்பர்கள் என்று நாலு வீடு விளையாடும். லீவுக்கு வந்தவர் கையில் சிடியைக் கொடுத்து அனுப்பலாம். டிஜிட்டல் கேமிலும் பகிர்தல் உண்டு என்றாலும் அது ஒரே வீட்டுக்குள்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு கன்சோலில் ஒருவர் வாங்கிய கேமை, அதே கன்சோலில் தம்பி தங்கையும் தங்கள் பெயரில் விளையாடலாம். தெரு தாண்டிப் போக வேண்டுமென்றால் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அதை யாரும் செய்யக் கூடாது.

அடுத்தது நெட். புதுச்சேரியின் கிராமங்களுக்கு டவுன்லோடு என்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கடல் அலையின் உயரம் குறித்த தகவலை அங்கே இணையத்திலிருந்து இறக்கி, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்று ஃபைபர் லைன் பல தெருக்களுக்கு வந்துவிட்டது. ஆனால் கேமின் அளவும் கூடவே வளர்ந்துவிட்டது. 100 ஜிபி கேம் ஒன்றை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம். நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை மட்டும் நம்பினால் 50 நாள் முழு டேட்டாவும் அதற்கே போய்விடும். மொபைல் நெட்டை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு டிஜிட்டல் கன்சோல் வாங்கிக் கொடுப்பது, கிணறு இல்லாத தோட்டத்துக்கு மோட்டார் வாங்குவது மாதிரி.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 முதல் மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும், கேமுக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். நூறு ஜிபி கேம் ஆறு போட்டால் நிரம்பிவிடும். சிடி வாங்கினாலும் கேம் உள்ளே இன்ஸ்டால் ஆகத்தான் செய்யும். ஆனால் ஒன்றை அழித்துவிட்டுத் திரும்பப் போடும்போது பெரும்பகுதி டிஸ்கிலிருந்தே ஏறிவிடும்.

இங்கேதான் வாங்குபவர் கவனமாக இருக்க வேண்டும். பெட்டி கையில் இருப்பதால் கேம் கையில் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. 2022-ல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிளேஸ்டேஷன் 5 டிஸ்கில் இருந்தது சுமார் 70 எம்பி மட்டுமே. மீதி எல்லாம் டவுன்லோடு. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2-க்கு 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை விற்கிறார்கள். அந்தக் கார்டில் கேம் இல்லை, கேமை இறக்குவதற்கான சாவிதான் இருக்கிறது. பெட்டியில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இதைவிட மோசமானது யூபிசாஃப்டின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். முழுக்கவும் சர்வரை நம்பி ஓடியது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆட நினைத்தவருக்கும் கதவு மூடியது, டிஸ்க் வைத்திருந்தவருக்கும் மூடியது. பத்து ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் அந்த டிஸ்கின் ஆயுள். சோனியின் 'கான்கார்ட்' இன்னும் சீக்கிரம் போனது. 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் நின்றது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எப்போதும் ஆன்லைனில் இருந்தால்தான் ஓடும் என்கிற கேமைச் சிடியாக வாங்கிச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. சீக்கிரம் விற்றுவிடுகிற எண்ணம் இருந்தால் வாங்கலாம்.

தனியாக உட்கார்ந்து ஆடும் கேமுக்கு நிலைமை வேறு. அங்கே டிஸ்க் உண்மையிலேயே காப்பாற்றுகிறது, ஏனென்றால் டிஜிட்டல் கடைகள் மூடப்படுகின்றன. நிண்டெண்டோ வீ கடை 2019 ஜனவரியில் மூடியது. 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-ல் மூடின. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-ல் மூடியது. பிளேஸ்டேஷன் 3 கடையையும் மூடப்போவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்து, ரசிகர்கள் கொதித்ததும் அடுத்த மாதமே பின்வாங்கியது. கடை மூடிய பிறகும் ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ள இப்போதைக்கு விடுகிறார்கள். ஆனால் 2014-ல் இலவசமாக வந்த 'பி.டி.' என்ற திகில் கேம் மறு ஆண்டு நீக்கப்பட்டபோது, முன்பு எடுத்து வைத்திருந்தவர்களாலும் அதை மறுபடி இறக்க முடியவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் செய்த ஆய்வு சொன்னது. சினிமாப் பிரதிகளை இழந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. கேமிலும் அது நடந்துகொண்டிருக்கிறது என்பது வருத்தமான விஷயம்.

டிஜிட்டல் கடையின் தரப்பிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 'வெண்பா' என்ற கேமை எடுத்துக்கொள்ளலாம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கறைபட்டுக் கிழிந்துபோயிருக்கும். எழுத்து மறைந்த இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும், அதுதான் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது. இவ்வளவு சின்னக் குழுவின் கேம், பெட்டியும் டிஸ்கும் அச்சடித்துக் கப்பலேற்றித்தான் நம் ஊருக்கு வர வேண்டும் என்றிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம். வெளியான அன்றே டவுன்லோடில் கிடைத்தது. இந்த மாதிரி கேம்களுக்கு டவுன்லோடுதான் சரியான வழி. தள்ளுபடிக் காலத்தில் விலை பாதிக்கும் கீழே இறங்கும்.

வெள்ளம் வந்தாலும் டிஜிட்டலுக்கே சாதகம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பெட்டிகள் ஊறிப்போகும். டிஸ்கைக் கழுவி எடுத்துவிடலாம், ஆனால் அட்டையும் புத்தகமும் போய்விடும். சேகரிப்பவருக்கு அது பாதி மதிப்பு போனது மாதிரி. அக்கவுண்ட்டில் உள்ள கேமை எந்த வெள்ளமும் தொடாது. புதிய கன்சோலில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். 2011 தானே புயலைப் பார்த்த ஊர்களுக்கு, சேகரிப்பை வைக்க வேண்டிய இடம் மேல்தட்டுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேகரிப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது தொண்ணூறுகளின் 'கேசட்'. மரியோவும் கான்ட்ராவும் அடங்கிய மஞ்சள் கேசட், '9999 இன் 1' என்ற ஸ்டிக்கர். உள்ளே நாலைந்து கேமே திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். ஓடவில்லை என்றால் கழற்றி, அடியில் வாய் வைத்து ஊதித் திரும்பப் போடுவார்கள். உண்மையில் ஊதுவதுதான் கெடுதல். மூச்சின் ஈரம் செம்புப் பல்லில் படிந்து, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து பச்சை பிடிக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, பல் வரிசையை மெல்லத் தேய்த்தால் பஞ்சு கறுத்துக்கொண்டே வரும். கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டால் முப்பது வருஷத்துக் கேசட்டும் பெரும்பாலும் ஓடிவிடும்.

டிஸ்குகளிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பழைய பிளேஸ்டேஷன் 1 சிடியில் தகவல் இருக்கும் அலுமினியப் படலம், படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு நேர் கீழேயே இருக்கிறது. கீறல் அடியில் விழுந்தாலும் பிழைக்கும், மேலே விழுந்தால் பிழைக்காது. ப்ளூ-ரேயில் நேர்மாறு. தகவல் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அதைக் காக்கக் கடினமான பூச்சு போட்டிருக்கிறார்கள். எந்த டிஸ்கானாலும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பெட்டிகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் உப்பு ஈரம் அண்டாது. சுவிட்ச் கார்டுகளை வாயில் போட்டுவிடும் குழந்தை உள்ள வீட்டாருக்குக் கொஞ்சம் ஆறுதல்; குழந்தைகள் விழுங்கிவிடாமலிருக்க நிண்டெண்டோ அவற்றில் கடும் கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறது.

பழையதைத் தேடுபவருக்குப் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கினால் சென்னை ரிச்சி தெரு. அசல் பிளேஸ்டேஷன் 1 சிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். வெள்ளியாகவோ நீலமாகவோ இருந்தால் நகல். நம் நாட்டு வரலாற்றுக்காகச் சேர்க்க விரும்புபவர், ஹைதராபாத் அரோனா டெக்னாலஜீஸ் 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' கண்ணில் பட்டால் விடக் கூடாது. இந்தியாவிலேயே முழுக்கச் செய்யப்பட்ட முதல் கன்சோல் கேம் என்று வெளிவந்தது அது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பரணில் பழைய கேசட்டோ சிடியோ கிடந்தால், அதற்கு முன் ஒரு வெயில் நாளில் இறக்கித் துடைத்து, ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.