சளிக்காய்ச்சல் வந்த தேதியைக் காலண்டர்ல எழுதி வை

குன்னூர்ல மழை பிடிச்சா நம்ம பிள்ளைகளுக்குக் கை கால் சில்லுனு ஆகறது புதுசா என்ன? எனக்குப் பயமே அங்கதான் தங்கச்சி. 'குளிருக்குத்தான்'னு போர்வையைப் போத்தி, பாட்டிகிட்ட விட்டுட்டுக் கொழுந்து பறிக்கப் போயிடுவோம். அந்தச் சில்லிப்பு வேற நோயோட அறிகுறியாவும் இருக்கலாம்.

கொரோனா வந்துபோன பிள்ளைகள்ல ரொம்பச் சிலருக்கு, 2 வாரத்துலேர்ந்து 6 வாரத்துக்குள்ள மறுபடி காய்ச்சல் அடிக்கும். கிருமி ஓடியிருக்கும், அதை விரட்டக் கிளம்பின எதிர்ப்புச் சக்தி மட்டும் அடங்காம, இதயம், குடல், தோல்னு அழற்சியை உண்டாக்கும். டாக்டர்கள் இதை எம்.ஐ.எஸ்.-சி.ன்னு சொல்றாங்க. 2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல இருந்து எச்சரிக்கை வந்துச்சு. அதே வருஷம் சென்னையிலயும் பிள்ளைகளுக்கு வந்துச்சு. இப்ப ரொம்பக் குறைஞ்சிடுச்சு. ஆனா வந்தா ஓரிரு நாள்லயே உடம்பு மோசமாயிடும்.

அதனால வீட்டுல யாருக்குச் சளிக்காய்ச்சல் வந்தாலும் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வை. பிள்ளைக்குக் கொரோனா அறிகுறியே இல்லாம வந்து போயிருக்கலாம்.

மறுபடி காய்ச்சல் வந்தா ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாத்தையும் கழட்டிப் பாரு. நம்ம ஊர்ல தடிப்பு துணிக்குள்ளேயே ஒளிஞ்சு கிடக்கும். பீளை இல்லாம ரெண்டு கண்ணும் சிவக்குதா, உதடு வெடிச்சுச் சிவக்குதா, கை கால் வீங்குதா? வயித்துவலி, வாந்தி, பேதி வந்தா 'சாப்பாடு சேரலை'ன்னு ஓமத்தண்ணி கொடுத்து நாளைக் கடத்தாதே. குடல்வாலோன்னு டாக்டர்களே சந்தேகப்படற அளவுக்கு வயித்துவலி வரும்.

அடுப்புப் பக்கம் உக்கார வெச்சும் கை கால் சூடேறலையா? நகத்தை 5 நொடி அழுத்தி விடு. நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல ஆனா உடனே 108-க்குப் போன் பண்ணு. மூச்சு வாங்கினா, தூங்கித் தூங்கி விழுந்தா, சிறுநீர் குறைஞ்சா, நகத்தைச் சோதிக்கக்கூட நிக்காதே. காய்ச்சல் 3 நாளாச்சுன்னா பகல்லயே கிளம்பு. ஐப்பசி மழையில மேட்டுப்பாளையம் மலைப்பாதை எப்ப மண்ணு சரியும்னு உனக்கே தெரியும். ஊட்டி மெடிக்கல் காலேஜ்லேர்ந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினாலும் வெளிச்சத்துல இறங்கிடலாம்.

டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அந்தக் காலண்டர் தேதியைச் சொல்லு. அதைக் கேட்டாத்தான் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோன்னு அவங்க யோசனை போகும். இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு கொடுப்பாங்க. நேரத்துக்குப் போன பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க நல்லபடியா திரும்பிடறாங்க. வீட்டுல ஆஸ்பிரின் மட்டும் நீயா கொடுக்காதே.

திரும்பி வந்ததும் இதய டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் மேட்டுல ஓட்டம், பி.டி. பீரியடு வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிடு. டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோட சேர்த்து வை. இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தா தட்டம்மை ஊசியை 11 மாசம் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லுவாங்க. எஸ்டேட் நர்ஸம்மா ஊசி போட வரும்போது அந்தச் சீட்டை முதல்ல நீட்டு.