கல் கிடந்த இடம்: தொல்லுயிரியலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

இந்தப் படிப்புக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆய்வில் எப்படிக் காலூன்றுவது? அரசியல் பேசலாமா? சினிமாவுக்குப் போனால் கூட வருபவர்கள் டைனோசரைப் பற்றித் துளைத்தெடுக்கிறார்களே, என்ன சொல்வது? மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான். ஃபாசிலுக்குப் பொருள் தருவது அது கிடந்த இடம். அந்த இடத்தையும் அங்கே வாழும் மனிதர்களையும் விட்டு நீங்களும் விலகாதீர்கள். அரியலூர், பெரம்பலூர் மண்ணில் நடந்து பழகியவன் நான். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

1. முதலில் நோட்டு, பிறகு சுத்தியல்.

காரையின் செம்மண் ஓடைகளில் ஓர் அம்மோனைட்டைப் பார்த்ததும் கை தானாக நீளும். எடுப்பதற்கு முன் படம் பிடியுங்கள். ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாறை அடுக்கு, அடுக்கின் அடியிலிருந்து எவ்வளவு உயரம், பாறையிலேயே பதிந்திருந்ததா, மேலேயிருந்து உருண்டு வந்ததா என்பதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். கல்லின் மேல் மையால் எண் போடுங்கள். அதே எண் நோட்டிலும் பையிலும் இருக்க வேண்டும்.

இடம் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இமயமலையில் கிடைத்தவை என்று வட இந்தியப் பேராசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக எழுதிவந்த ஃபாசில்களில் பல, உண்மையில் வேறு நாடுகளைச் சேர்ந்தவை என்று ஆஸ்திரேலியத் தொல்லுயிரியலாளர் ஜான் டேலன்ட் 1989-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மொராக்கோவிலிருந்து வந்து கடைகளில் விலைக்குக் கிடைக்கும் அம்மோனைட் வகைகளும் அவற்றில் இருந்தன. கற்கள் உண்மையானவை, இடம்தான் பொய். அந்தக் கட்டுரைகளை நம்பி மற்றவர்கள் எழுதிய இமயமலை நிலவியலையும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. கூடச் சேர்ந்து எழுதியவர்களின் பெயரும் அடிபட்டது. ஆகவே, கிடைத்த இடம் தெளிவாகத் தெரியாத கல்லைப் பற்றிய கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கேட்பவர் உங்கள் நெறியாளராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

2. மழை ஓய்ந்த பிறகு போங்கள்.

வடகிழக்குப் பருவமழை மண்ணை அரித்துப் புதியவற்றை வெளியே காட்டும். தை, மாசியில் வெயிலையும் தாங்கலாம். சித்திரையில் அந்தப் பொட்டலில் நிழலே கிடையாது.

3. பெரியது கிடைத்தால் அவசரப்படாதீர்கள்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகிலேயே மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பின்னால் வந்தவர்கள் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார்கள். அது எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. 2022-ல் பால் என்பவரும் அய்யாசாமியும், தோண்டிய காலத்துப் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். அவை எலும்புகள்தான், தாவர உண்ணியின் எலும்புகள்தான் என்ற வாதத்துக்கு இன்று இருக்கும் வலுவான சான்று அந்தப் படங்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கல்லமேட்டு எலும்பு ஈரக் களிமண்ணில் ஊறி மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டதும் வெடிக்கும். சுற்றிலும் மண்ணோடு விட்டு, ஈரத்தாள் ஒட்டி, சாக்குத்துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்துச் சுற்றி, காய்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். சாமானும் ஆளும் இல்லாத நாளில் கண்ணில் பட்டால் மறுபடி மண்ணால் மூடிவிட்டு வாருங்கள். ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது இன்னும் ஒரு வாரம் கிடக்கும். இப்போது கையிலிருக்கும் போனிலேயே சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாண உருவம் செய்துகொள்ளலாம். அந்த வசதி அன்றைக்கு அவர்களுக்கு இல்லை.

4. சிறியதைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள்.

அதே கல்லமேட்டில்தான் ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் இனத்தின் பல் ஒன்று கிடைத்தது. பறவைகளுக்கு நெருங்கிய உறவுடைய இனம் அது. அதுவரை வட அரைக்கோளத்தில் மட்டுமே அதை அறிந்திருந்தார்கள். தனித்தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் அது எப்படி இருந்தது என்ற பெரிய கேள்வியை, 2013-ல் வந்த அந்தக் கட்டுரை ஒற்றைச் சிறு பல்லை வைத்து எழுப்பியது. காரை மண்ணிலிருந்து சுறாப் பற்களும் இக்தியோசார் எலும்புகளும் வந்திருக்கின்றன. மூட்டை மூட்டையாக மண்ணைக் கரைத்து, சல்லடையில் அலசி, மீந்ததை நுண்ணோக்கியில் பொறுக்கும் வேலை சலிப்பூட்டும்தான். நம் ஊர்ப் படிவுகளில் இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது மிகுதியும் அந்தச் சல்லடையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

5. பழைய நூல்களைப் படியுங்கள். யாருடைய கைகள் பொறுக்கின என்றும் கேளுங்கள்.

1840களில் சென்னை மாகாண அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் திரட்டிய ஃபாசில்கள் லண்டனுக்குப் போயின. 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை அங்கேயே உட்கார்ந்து விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்ட் இங்கே நடந்து வரைபடம் செய்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்தார். இன்றைக்கும் நாம் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறோம். அந்தப் பாறைகளின் ஃபாசில்களை நான்கு பெரிய தொகுதிகளாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1874-ல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் மலைநோயால் இறந்தபோது அவருக்கு 36 வயது. அவருடைய படத்தட்டுகளை மேசையில் விரிக்காமல் அரியலூர்க் கிளிஞ்சல் எதற்கும் பெயர் வைத்துவிடாதீர்கள்.

மதிப்போடு படியுங்கள். ஆனால் அந்தப் பக்கங்களில் வண்டி ஓட்டியவரும் பள்ளம் காட்டியவரும் பெயரில்லாமல் இருப்பதையும் கவனியுங்கள். உங்கள் கட்டுரையின் நன்றிப் பகுதியில் வழிகாட்டிய ஊர்க்காரரின் பெயர், அவர் சம்மதத்தோடு, இருக்க வேண்டும்.

6. குவாரிக்காரர்களோடு பேசுங்கள்.

அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்கும் அங்கே இத்தனை ஃபாசில் கிடைப்பதற்கும் காரணம் ஒன்றே. பழைய கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் அது. கல்லங்குறிச்சிப் பாறையில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. குவாரி வெட்டினால்தான் புதிய முகம் தெரிகிறது, அதே குவாரிதான் அதை அரைத்தும் விடுகிறது. லாரி ஓட்டுநரும் பொக்லைன் ஓட்டுபவரும் நமக்கு எதிரிகள் அல்லர். என்ன கிடைத்தால் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு மாதிரியைக் காட்டி, தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு வந்தால், பெரும்பாலானோர் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

7. அரசியலிலிருந்து ஒதுங்காதீர்கள்.

எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். ஆனால் ‘நான் அறிவியல் மட்டும் பார்ப்பவன்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை தொல்லுயிரியலாளருக்கு இல்லை. 2018 ஜனவரியில் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர் டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பறிக்கை விட்டன. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது வெளியே தெரிந்தபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நாம் கையில் ஏந்தும் ஒவ்வொரு கல்லும் பரிணாமத்துக்குச் சாட்சி. சாட்சியைத் தெரிந்தவர் வாய்மூடி இருப்பது தவறு. அடுத்த முறை அப்படி ஒரு கடிதம் வந்தால் உங்கள் பெயர் அதில் இருக்கட்டும்.

இதைவிட முக்கியமான அரசியல் ஊரளவில் நடக்கிறது. பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். முன்னதாகவே சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வைக்கிறார்கள். அதைப் படித்து, ‘இந்த இடத்தில் ஃபாசில் அடுக்கு இருக்கிறது, அறிக்கையில் ஏன் இல்லை?’ என்று எழுந்து நின்று கேளுங்கள். எழுத்திலும் கொடுங்கள். கிராம சபையில் ஊராரோடு போய்ப் பேசுங்கள். நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காக்க ஒரு சட்ட வரைவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக்கு வைத்தது. பாதுகாப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதிகாரம் முழுவதும் ஒரே துறையின் கையில் குவிந்தால் பல்கலைக்கழக மாணவர் சுத்தியலோடு களத்துக்குப் போவதே கடினமாகிவிடும் என்ற கவலையும் நியாயமானது. வரைவை முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

8. விலைக்கு வரும் ஃபாசிலைத் தொடாதீர்கள்.

மியான்மரின் கச்சின் மாநில அம்பரில் 2016-ல் இறகோடு கூடிய டைனோசர் வால் ஒன்று அறிவிக்கப்பட்டது. உலகமே வியந்தது, நானும்தான். ஆனால் அந்தச் சுரங்கங்களைச் சுற்றி உள்நாட்டுப் போர் நடக்கிறது, அம்பர் விற்ற பணம் போருக்கும் போகிறது. 2020-ல் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம், புதிதாக வரும் மியான்மர் அம்பரை வைத்துக் கட்டுரை வெளியிடுவதை நிறுத்திவைக்குமாறு இதழ்களைக் கேட்டுக்கொண்டது. கடையில் வாங்கிய கல்லில் இடமும் தெரியாது, யார் இரத்தம் என்றும் தெரியாது.

9. களத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதில்லை, எல்லோருக்கும் சொல்கிறேன். குழுவில் பெண்கள் இருந்தால் கழிப்பறை வசதியுள்ள தங்குமிடத்தைப் பார்ப்பது குழுத்தலைவரின் கடமை. அவர் செய்யவில்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

10. சினிமாவுக்குப் போங்கள்.

வாரம் முழுக்கச் சல்லடையோடு இருந்தவருக்கு வெள்ளிக்கிழமை இரவுக் காட்சி நல்லது. டைனோசர் படம் மட்டும் என்றில்லை, எல்லாப் படமும் பாருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கத் தெரியாதவர், கூட்டத்தின் முன் நின்று பேசவும் தடுமாறுவார்.

டைனோசர் படமென்றால், நண்பர்களோடு உட்கார்ந்து படம் ஓடும்போதே பிழை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பிழைகள் இருக்கின்றன. 1993-ன் ‘ஜுராசிக் பார்க்’கில் வரும் முக்கிய விலங்குகள் பலவும் ஜுராசிக் காலத்தவை அல்ல, பின்னால் வந்த கிரெட்டேசியஸ் காலத்தவை. மங்கோலியாவில் கிடைத்த உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். அதற்கு இறகும் இருந்தது. எலும்பில் டி.என்.ஏ. அத்தனை கோடி ஆண்டு தங்காது. ஆனாலும் அந்தப் படம் பார்த்து இந்தப் படிப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர், உங்களில் சிலரும் இருப்பீர்கள். அந்த நன்றி வேண்டும்.

படம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பேசுங்கள். டி. ரெக்ஸ் வட அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த அதே யுகத்தின் கடைசியில் நர்மதைப் பகுதியில் ராஜசாரஸ் இருந்தது, 2003-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள் என்று சொல்லுங்கள். குஜராத்தின் ரயோலி கிராமத்தில் அதன் எலும்பும் டைனோசர் முட்டைகளும் கிடைத்த கதையைச் சொல்லுங்கள். தாகூர் பெயர் தாங்கிய பாராபாசாரஸின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது, எலும்புகள் இன்றைய தெலங்கானாவிலிருந்து போனவை என்று சொல்லுங்கள். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். படம் கிளப்பிய ஆவல் அடங்குவதற்குள் சொந்த ஊரின் பெயரைக் காதில் போட்டுவிட வேண்டும்.

11. செய்தியாளர் கேட்டால் நிதானமாகச் சொல்லுங்கள்.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. பார்த்த நிலவியலாளர்கள் அவை அம்மோனைட் சார்ந்த கடல் படிவுகள் என்றார்கள். அந்தச் செய்தியை ஏமாற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. குன்னம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பது முட்டையைவிடப் பெரிய செய்தி. அப்படிச் சொல்லப் பழகுங்கள்.

12. எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் முதல் கட்டுரை ஆங்கிலத்தில்தான் அச்சாகும். அச்சானதும் அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, படமும் வரைபடமும் சேர்த்து, கல் கிடைத்த ஊரின் பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் நேரில் கொடுங்கள். அடுத்த தை மாதம் களத்துக்குப் போகும்போது அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை ஆசிரியரோடு உடன் அழைத்துப் போங்கள்.