ஐதராபாத் மாடியில் வசந்த வண்ணம்

ஐதராபாத்தில் பிப்ரவரியில் களைகட்டும் பூக்காலம், உகாதி தாண்டியதும் 40 டிகிரி வெயிலில் வாடத் தொடங்கிவிடும். இருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். காகிதப்பூச் செடிக்கு நீரைக் குறையுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் தழை அடங்கி, கொத்துக் கொத்தாகப் பூக்கும். நம் கண்ணைப் பறிப்பவை அதன் வண்ணச் செதில்கள்தான். உண்மையான பூ நடுவிலுள்ள சிறு வெள்ளைக் குழல். தழைச்சத்து உரம் கூடினால் இலைதான் பெருகும்.

குரோட்டனுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், நிழலில் பச்சையாகிவிடும். கோலியஸ் அப்படியல்ல: காலை வெயில் போதும், உச்சி வெயிலில் இலை கருகும். அதன் பூங்கதிரைத் தயங்காமல் கிள்ளுங்கள், புதுத் தளிர் நிறத்தோடு வரும். பெட்டூனியாவில் வாடிய பூக்களையும் அவ்வப்போது அகற்றுங்கள்.

ஏப்ரலில் 50 சதவீத நிழல்வலை கட்டி, தொட்டி மண்மேல் தேங்காய் நார் பரப்புங்கள்.