வரி போனால் மட்டும் உப்பு கப்பலேறாது

கேள்வி: மரக்காணத்தில் குத்தகை நிலத்தில் உப்பு விளைவிக்கிறோம். மழைக்காலத்தில் வருமானம் இல்லை. வெயில் காலத்தில் விளைச்சல் கூடினால் வியாபாரி விலையை இறக்கிவிடுகிறார். ஒப்பந்தம் வந்துவிட்டதால் துபாய்க்கு வரியில்லாமல் அனுப்பலாம் என்கிறார்கள். எங்களைப் போன்ற சிறியவர்களால் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
– உப்பு உற்பத்தியாளர் ஒருவர், மரக்காணம்

பதில்: முடியும். ஆனால் தனியாளாகவும் முடியாது, மூட்டை மூட்டையாக இப்போது விற்கும் அதே உப்பை வைத்துக்கொண்டும் முடியாது.

நீங்கள் சொல்லும் இந்தியா – ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது குறைப்பது சுங்க வரியை மட்டும். அமீரகத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரி 5 சதவீதம்தான். உப்புக்கும் அதுவே என்றும், டன் விலை 3,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பின் விலையில் மிச்சமாவது டன்னுக்கு 150 ரூபாய். மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி, சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைத் துறைமுகம் சேர்த்து, கன்டெய்னரில் அடைத்து, கப்பல் கூலியும் கொடுத்தால் ஆகும் செலவுக்கு முன்னால் இந்த 150 எம்மாத்திரம்?

அதனால் தொழிற்சாலைகளுக்கான மொத்த உப்பில் இறங்காதீர்கள். நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கும் மேல் விளைவிக்கும் குஜராத், கப்பல் கப்பலாக அனுப்புகிற சந்தை அது. 2025இல் இலங்கையில் மழையால் உப்பு விளைச்சல் குறைந்து, இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். இத்தனைக்கும் அந்த நாட்டோடு நமக்கு 2000ஆம் ஆண்டு முதலே வர்த்தக ஒப்பந்தம் உண்டு. வாசலைத் திறந்தது ஒப்பந்தம் அல்ல, அங்கே ஏற்பட்ட தட்டுப்பாடு. அப்படி வரும் வாய்ப்பை நம்பி ஆண்டு முழுக்கத் தொழில் செய்ய முடியாது.

உங்களுக்கு ஏற்றது, வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளும் இந்திய மளிகை மொத்த வியாபாரிகளும் வாங்கும் சுத்தமான கல்லுப்பு. சிறு பாக்கெட்டாகப் போகும்போதுதான் கப்பல் கூலியை விலை தாங்கும்.

இதற்கான முதல் வேலை பாத்தியிலேயே இருக்கிறது. நீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மெக்னீசியம் உப்புகளும் சேரத் தொடங்கும். அந்தக் கசப்பு நீரை வடிக்காமல் அதன்மேலேயே புது நீர் பாய்ச்சினால் உப்பு கசக்கும், காற்று பட்டதும் ஈரம் கசியும், பாக்கெட்டுக்குள் கட்டி தட்டும். ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்து, நேரத்தில் வடித்துவிடுங்கள். வாரியெடுத்த உப்பை அடர்ந்த உப்பு நீரிலேயே அலசி, நன்றாக வடியவிட்டுக் குவியுங்கள்.

அடுத்து ஆய்வகம். சாப்பாட்டு உப்பில் சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. உலக நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் தரம் 97 சதவீதம் கேட்கிறது. அயோடின் சேர்க்க வேண்டுமா, எவ்வளவு, லேபிளில் எந்த மொழி என்பதை வாங்குகிறவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு 20 அடி கன்டெய்னர் சுமார் 25 டன் கொள்ளும். பலருடைய உப்பைச் சேர்த்து அதை நிரப்பும்போது, ஒருவர் பாத்தியில் இன்று ஒரு தரம், அடுத்தவர் பாத்தியில் வேறு தரம் என்றிருந்தால் இரண்டாவது ஆர்டர் வராது. பக்கத்து அளத்துக்காரர்கள் சிலரைச் சேர்த்து, ஒரே முறையில் வடித்து, ஒரே பெயரில் விற்கும் குழுவாகுங்கள்.

காகித வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் ஏற்றுமதி – இறக்குமதிக் குறியீட்டு எண் ஆன்லைனிலேயே கிடைக்கும். அரசுக் கட்டணம் 500 ரூபாய். உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிச்சலுகை கிடைக்க ஒவ்வொரு சரக்குக்கும் பிறப்பிடச் சான்றிதழ் தேவை. அது இல்லாவிட்டால் வாங்குகிறவர் வழக்கமான வரியைத்தான் கட்ட வேண்டும். நம் கடற்கரையில் விளைந்த உப்பில் வெளிநாட்டு மூலப்பொருள் எதுவும் இல்லை என்பதால், பிறப்பிடத்தை நிரூபிப்பதில் மற்றத் தொழில்களுக்கு வரும் சிக்கல் உங்களுக்கு வராது. உப்பின் சுங்கக் குறியீடு 2501. எந்த நாடானாலும் இந்த எண்ணை வைத்து, சலுகைப் பட்டியலில் உப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் கன்டெய்னரைக் கடனுக்கு அனுப்பாதீர்கள். முன்பணம் அல்லது வங்கியின் கடன் உறுதிக் கடிதம் வந்த பிறகே லாரியை ஏற்றுங்கள்.

ஏற்றுமதி ஏஜென்ட் யாருக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். இந்தப் பருவத்து உப்பில் ஒரு கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குகிறவரைத் தேடுங்கள்.