ஷாம்பெயின்: ஒரு துறவியின் அதிசயமா?

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரெய்ம்ஸ் நகரம் வந்துவிடும். ஷாம்பெயின் தயாராகும் நிலவறைகளைப் பார்க்க விடுமுறையில் வருகிறவர்களுக்கு இதுதான் வாசல். வருகிறவர்கள் பலர் சில கதைகளையும் நம்பிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கதைகளால் அங்கே உழைக்கிறவர்களின் அருமை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நம்பிக்கை: ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் டோம் பெரினியோன் என்ற துறவி.

உண்மை: 1668 முதல் 1715இல் இறக்கும்வரை ஓவில்லேர் மடத்தின் ஒயின் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. பல தோட்டத்துத் திராட்சைகளைப் பக்குவமாகக் கலப்பதில் அவர் வல்லவர். ஆனால் அவருக்கு நுரை ஒரு குறை. குளிரில் பாதியில் நின்ற நொதித்தல் வசந்தத்தில் மறுபடி தொடங்கும்; வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். நட்சத்திரங்களைப் பருகுவதாக அவர் வியந்தார் என்பதெல்லாம் பின்னாளில் கட்டிய கதை. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கும் வழக்கத்தை, அவர் அந்தப் பொறுப்புக்கு வருமுன்பே, 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் பதிவுசெய்துவிட்டார்.

நம்பிக்கை: சோடாவைப் போல வாயுவை அடைத்துத்தான் நுரையை உண்டாக்குகிறார்கள்.

உண்மை: நுரையில்லாத ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரிதான். கோடையில் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். அந்தக் குளிரில் குறைந்தது 15 மாதம் கிடந்த பிறகே பாட்டில் கடைக்குப் போகலாம். ஒரே ஆண்டின் அறுவடை என்று லேபிளில் ஆண்டு போட வேண்டுமானால் 3 ஆண்டு.

செத்த ஈஸ்ட் கசடாகப் படியும். அதை எடுக்கும் வித்தையைத்தான் நின்று பார்க்க வேண்டும். துளையிட்ட சாய்வுப் பலகைகளில் பாட்டில்களைக் கழுத்துப்பக்கமாகச் செருகி, தினமும் இரு கையாலும் கொஞ்சம் திருப்பி, மெல்ல மெல்லத் தலைகீழாக்குகிறார்கள். கசடு கழுத்தில் இறங்கியதும் அந்த நுனியை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உறைந்த கட்டி அழுத்தத்தில் தானே தெறித்து விழும். இந்தப் பலகை முறை, 27 வயதில் கணவரை இழந்து தொழிலைக் கையிலெடுத்த பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் நிலவறையில் 1816 வாக்கில் உருவானது. இன்று பெரும்பாலும் இயந்திரங்கள் திருப்புகின்றன. எனினும் கையால் திருப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழிகாட்டியிடம் அவர்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

நம்பிக்கை: வெளிர் நிறத்தில் இருப்பதால் அது பச்சைத் திராட்சையில் செய்தது.

உண்மை: முக்கியமான மூன்று ரகங்களில் பினோ நுவார், மூனியே இரண்டும் கறுப்பு, ஷார்டொனே மட்டுமே பச்சை. நிறம் தோலில்தான் இருக்கிறது. மெதுவாகப் பிழிந்து தோலை உடனே விலக்கிவிட்டால் சாறு தெளிவாகவே வரும்.

நம்பிக்கை: ருசிபார்க்கத் தந்ததைத் துப்புவது அவமரியாதை.

உண்மை: துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். தொழிலில் இருக்கிறவர்களே துப்பிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு இது அவசியமும்கூட. பிரான்ஸில் ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவின் அளவு லிட்டருக்கு 0.5 கிராமை எட்டினாலே குற்றம். குடிக்கும் பழக்கமே இல்லாதவர்களும் நிலவறையைச் சுற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

நம்பிக்கை: பெரிய நிறுவனங்களைப் பார்த்தால் போதும்.

உண்மை: எப்பர்னே நகரின் ஷாம்பெயின் சாலையில் இருக்கும் மாளிகைகள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தாங்களே ஒயின் செய்யும் குடும்பங்கள் கிராமங்களில் ஏராளம். லேபிளில் பொடி எழுத்தில் 'ஆர்எம்' என்றிருந்தால் அது அவர்களுடையது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். அறுவடை வாரங்களில் மட்டும் வேண்டாம், வீடே தோட்டத்தில் இருக்கும்.