மெக்கன்சி: ஒரு குடிப்பெயரின் வரலாறு

நுழையும்முன்

ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்தறிய இடப்படுவது பெயர். அவரைத் தம் முன்னோரோடும் ஊரோடும் சேர்த்துக் காட்டுவதும் பெயரே. தென்னிந்தியச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் பெருந்தொகுப்பாக்கியவர் என அறியப்படும் காலின் மெக்கன்சியின் குடிப்பெயர் எங்கே தோன்றியது, எவ்வாறு ஒலி மாறியது, அதைத் தாங்கியோர் யாவர் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர் ஓரிடத்தில் எழுதுகோலைச் சற்று நிறுத்துவர். தம் பெயரை எழுதியபின் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் எதிர்ப்படும். தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு வழங்கும் நம்மில் பலருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடிப்பெயர் இல்லை. எனவே தந்தையின் பெயரையே அக்கட்டத்தில் நிரப்புகிறோம். பின்னர் அயல்நாட்டு வகுப்பறையில் ஆசிரியர் தந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது மகன் திகைத்து எழுகிறான்.

அக்கட்டத்தை உருவாக்கிய ஐரோப்பிய நாடுகளிலும் குடிப்பெயர் தொன்றுதொட்டு நிலைபெற்ற ஒன்றன்று. ஸ்காட்லாந்து நாட்டின் மலைப்பகுதி மக்களும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே தந்தையின் பெயரைச் சேர்த்தே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டனர்.

'மக்' என்னும் முன்னொட்டு

வடசென்னையின் இராயபுரம் பகுதியில் அமைந்த ரெய்னி மருத்துவமனையை அறியாதார் அப்பகுதியில் இலர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மருத்துவர் மாட்டில்டா மக்ஃபேல் 1888இல் தொடங்கிய மருத்துவப் பணியே பின்னர் அம்மருத்துவமனையாக வளர்ந்தது. ரெய்னி என்பதும் ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவரின் குடிப்பெயரே. இங்கு நாம் நோக்கவேண்டியது மக்ஃபேல் என்னும் பெயரை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி மொழியாகிய கேலிக்கில் 'மக்' என்பது மகன் எனப் பொருள்படும். மக்ஃபேல் என்பது 'பாலின் மகன்'. பெண்ணாயின் 'நிக்' என்னும் வேறொரு முன்னொட்டைச் சேர்ப்பதே கேலிக் மரபு. அது மகள் என்னும் பொருளுடையது. ஆங்கில ஆவணங்கள் இவ்வேறுபாட்டைப் பேணவில்லை. ஆகவே இராயபுரத்துப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்த அம்மையார் ஏட்டளவில் 'பாலின் மகன்' ஆனார்.

'மக்' என்பதும் 'மகன்' என்பதும் ஒலியால் நெருங்கியிருத்தல் கண்டு இரண்டும் ஓரே வேரில் பிறந்தவை என்று முடிவுசெய்தல் பிழையாகும். கேலிக் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சார்ந்தது; தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. ஒலி ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்வது மொழியியலுக்கு ஏற்புடையதன்று. ஆனால் பெயரிடும் முறையில் உள்ள ஒப்புமை மெய்யானது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் 'மகனார்' என்னும் சொல் வெளிப்படையாகவே நிற்கிறது. சாத்தன் மகனாகிய கொற்றனைச் 'சாத்தங்கொற்றன்' என வழங்கும் முறைக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதியே வகுத்துள்ளது. எதிர்த்திசையிலும் தமிழ்ப்பெயர் நடந்திருக்கிறது. ஆதன் என்பதும் தந்தை என்பதும் புணர்ந்து 'ஆந்தை' ஆகும். பிசிராந்தையார் பெயரில் அவர்தம் ஊராகிய பிசிரும் ஆந்தை என்னும் அப்பெயரும் இணைந்துள்ளன. மகனால் தந்தையைச் சுட்டும் இவ்வழக்கு மிக அரியது. 'மக்' என்னும் முன்னொட்டால் இதனைச் செய்ய இயலாது.

அழகனின் வழியினர்

கேலிக் மொழியில் 'கொன்யக்' என்றொரு இயற்பெயர் உண்டு. அழகன் என்பது அதன் பொருள் என்பர். ஆங்கிலத்தில் அது கென்னத் என வழங்கும். கொன்யக்கின் மகன் 'மக்கொன்யிக்'. இதுவே மெக்கன்சி என்னும் பெயரின் மூல வடிவம். ஸ்காட்லாந்தின் வடமேற்கில் கடலும் மலையும் நெருங்கிய கின்டெயில் பகுதியில் வாழ்ந்த கென்னத் என்னும் தலைவனைத் தம் முன்னோனாக இக்குடியினர் கொள்வர்.

தொடக்கத்தில் இத்தகைய பெயர் ஒரு தலைமுறைக்கே உரியது. கென்னத்தின் மகன் மக்கொன்யிக் எனப்பட்டால் அவனுடைய மகன் வேறொரு 'மக்' ஆவான். குடித்தலைமை வலுப்பெற்று, நிலவுரிமையும் ஆவணமும் பெருகியபோது பெயர் உறைந்தது. தலைவனின் வழித்தோன்றல்கள் மட்டுமன்றி, அவனுடைய நிலத்தில் பயிரிட்டோரும் அவனுடைய காவலில் வாழ்ந்தோரும் அப்பெயரை ஏற்றனர். எனவே மெக்கன்சி எனப் பெயர்கொண்டோர் அனைவரும் ஒரே குருதியினர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

இனி இப்பெயரில் உள்ள 'இசட்' எழுத்துக்கு வருவோம். மூலத்தில் சகர ஒலியோ 'இசட்' ஒலியோ இல்லை. பழைய ஸ்காட் மொழி எழுத்துமுறையில் 'யோக்' என்னும் எழுத்தொன்று இருந்தது. 3 என்னும் எண்ணை ஒத்த வடிவுடைய அவ்வெழுத்து, ஏறத்தாழ யகர ஒலியைக் குறித்தது. அச்சுக்கலை வந்தபோது அச்சகங்களில் அவ்வெழுத்துக்குரிய அச்சு இல்லை. வடிவில் அதனை நெருங்கியிருந்த 'இசட்' அச்சை அச்சிடுவோர் இட்டு நிரப்பினர். பழைய உச்சரிப்பு அறிந்த தலைமுறை இருந்தவரை 'மக்கிங்யி' என்பதுபோலவே ஒலித்தனர். அச்சைப் பார்த்துப் படிக்கும் தலைமுறை வந்தபின் 'மெக்கன்சி' நிலைத்தது. ஆஸ்திரேலியத் தலைமை அமைச்சராக இருந்த இராபர்ட் மென்சிஸின் குடிப்பெயரும் இவ்வாறே அமைந்தது. ஸ்காட்லாந்தில் அதனை 'மிங்கிஸ்' என ஒலிப்போர் இன்றும் உளர்.

அச்சகத்தில் இல்லாத ஓர் எழுத்து, பல்லாயிரம் குடும்பங்களின் பெயரொலியை மாற்றிவிட்டது. இதனை எங்கோ நிகழ்ந்த விந்தை என்று ஒதுக்கவேண்டா. மணலி புதுநகரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது புழல். அவ்வூர்ப் பெயரின் ழகரத்தைக் குறிக்க உரோமன் எழுத்தில் அதே 'இசட்'டுடன் 'எச்' சேர்த்து எழுதுகிறோம். தமிழ் அறியாதவர் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து அவ்வூரைப் 'புசால்' என்கிறார். எழுத்தைப் படிப்போர் பெருகி ஒலியை அறிந்தோர் குறைந்தால் புழலுக்கும் மக்கிங்யியின் நிலையே நேரும்.

தெரிந்து தெளிவோம்
ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும். ஆதலால் பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் காட்டப்படுவதில்லை. இடம் நோக்கிப் பொருள் அறிந்தே படிக்கவேண்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயர்களைப் படிப்பது இதனால் மேலும் அரிதாகிறது.

ஸ்டோர்னோவேயில் பிறந்த இருவர்

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மேற்கே கடலில் உள்ள லூயிஸ் தீவு மெக்கன்சி குடியினரின் கைக்கு வந்தது. அத்தீவின் துறைமுகம் ஸ்டோர்னோவே. மீன்பிடித்தலும் கப்பல் வரவும் அன்றி வேறு வாய்ப்புக் குறைந்த அச்சிற்றூரில் ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில் இருவர் பிறந்தனர். இருவரும் மெக்கன்சிகளே.

ஒருவர் அலெக்சாண்டர் மெக்கன்சி. கனடாவுக்குச் சென்று மென்மயிர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்ட அவர், 1789இல் ஒரு பேராற்றின் வழியே சென்று வடதுருவப் பெருங்கடலை அடைந்தார். 1793இல் நிலவழியாகப் பசிபிக் கடற்கரையை எட்டினார். அப்பேராறு இன்று மெக்கன்சி ஆறு எனப்படுகிறது. அதன் கரையில் வாழும் தெனே மக்கள் அதனை 'டெசோ' என்பர். பேராறு என்பது பொருள். படகோட்டியும் வழிகாட்டியும் உதவிய உள்ளூர் மக்கள் தந்த அப்பெயர் உலக வரைபடங்களில் சிற்றெழுத்திலேனும் இடம்பெற நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. கனடாவின் இரண்டாம் தலைமை அமைச்சராக 1873 முதல் 1878 வரை விளங்கியவரும் அலெக்சாண்டர் மெக்கன்சி என்னும் பெயரினரே. அவர் வேறொருவர், கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

ஸ்டோர்னோவேயில் முன்னதாகப் பிறந்தவரே நம் வரலாற்றோடு தொடர்புடைய காலின் மெக்கன்சி. அத்துறைமுகத்தில் சுங்க அலுவலராக இருந்த அவர் 1783இல் சென்னை வந்தார். கிழக்கிந்தியக் குழும்பின் படையில் சேர்ந்து பொறியாளராகவும் நில அளவையாளராகவும் பணிபுரிந்தார். மதுரையில் அறிஞர் சிலரோடு ஏற்பட்ட பழக்கம் இந்நாட்டு வரலாற்றின்பால் அவரை ஈர்த்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நிலப்பகுதியை அளக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். 1821இல் வங்கத்தில் மறைந்தார்.

நிலத்தை அளக்கச் சென்றவர் ஊர்தோறும் அவ்வூரின் கதையையும் கேட்டார். கோயில், குளம், ஆட்சிசெய்தோர், குடியேறியோர், வரிமுறை ஆகியன பற்றி ஊர்க்கணக்கரும் முதியோரும் கூறியவை எழுதிவாங்கப்பட்டன. இவ்வகைக் குறிப்புகள் 'கைபீது' எனப்பட்டன. அவர் மறைந்தபின் அத்தொகுப்பைக் கிழக்கிந்தியக் குழும்பு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்துப் பெற்றது. 1828இல் எச்.எச். வில்சன் வெளியிட்ட அட்டவணை 8,076 கல்வெட்டுப் படிகளையும் 6,218 நாணயங்களையும் கணக்கிடுகிறது.

மணலி, திருவொற்றியூர் வட்டாரத்து மாணவர்க்கு அத்தொகுப்பில் தனிச்சிறப்புடைய பகுதி ஒன்று உண்டு. தொண்டைமண்டலத்தைக் குறும்பர் ஆண்டதாகவும், அவர்தம் வலிய கோட்டை புழலில் இருந்ததாகவும், சோழர் குடியில் வந்த ஆதொண்டன் அவர்களை வென்றதாகவும் கூறும் மரபுவழிக் கதை அதில் பதிவாகியுள்ளது. இதனை அவ்வாறே வரலாறாகக் கொள்ள இயலாது. வென்றவர் தரப்பு நினைவே அதில் மிகுதியாக ஒலிக்கிறது. எனினும் புழற்கோட்டம் என்னும் நாட்டுப்பிரிவு சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுவது. திருவொற்றியூர் அப்பிரிவில் அடங்கியது. புழலில் ஆதிநாதர் சமணக் கோயிலும் உள்ளது. அக்கதை எழுத்தில் ஏறாதிருந்தால், ஏரியாலும் சிறைச்சாலையாலும் மட்டுமே அவ்வூரை நாம் அறிந்திருப்போம்.

பெயரில் அடங்காதோர்

மெக்கன்சி இந்திய மொழிகளைக் கற்றவர் அல்லர். அவ்வாறாயின் இக்கதைகளைக் கேட்டவர் யார்? ஓலையைப் படித்தவர் யார்? தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த ஓவியம் விடையை ஓரளவு காட்டுகிறது. செந்நிறச் சீருடையில் மெக்கன்சி முன்னிற்க, இந்திய உதவியாளர் மூவர் அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஒருவர் கையில் தொலைநோக்கி. ஒருவர் கையில் ஓலைச்சுவடி.

அவருடைய உதவியாளர்களுள் முதன்மையானவர் காவலி வேங்கட போரய்யா. தெலுங்கு மரபின்படி 'காவலி' என்பது பெயருக்குமுன் நிற்கும் குடிப்பெயர். தெலுங்கர் அதனை 'இண்டிபேரு' என்பர். பன்மொழிப் புலமைமிக்க அவ்விளைஞர் ஊர்கள்தோறும் சென்று செய்தி திரட்டும் முறையை வகுத்தார். 1803இல் இளமையிலேயே மறைந்தார். இந்திய அறிவுலகின் வாயிலில் தாம் நுழைந்ததற்கு முதற்படியாக அமைந்தது போரய்யாவின் தொடர்பே என்று மெக்கன்சி 1817இல் எழுதிய மடலில் ஒளிக்காமல் குறிப்பிட்டுள்ளார். போரய்யாவுக்குப்பின் அவர்தம் தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்றார். மற்றொரு தம்பியாகிய இராமசாமி தக்காணப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் நூலாக்கி 1829இல் வெளியிட்டார். திருவள்ளுவரும் ஔவையாரும் அந்நூலில் இடம்பெற்றனர்.

மெக்கன்சி மறைந்தபின் பணி நின்றது. ஊர்களின் பெயரும் சுவடிகளின் உட்பொருளும் நன்கறிந்த இலட்சுமய்யா, தாமே அதைத் தொடர விரும்பி 1830களில் விண்ணப்பித்தார். கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்திற்கு அவ்விண்ணப்பம் சென்றது. அசோகர் கால எழுத்தைப் படித்தறிந்தவர் எனப் போற்றப்படும் ஜேம்ஸ் பிரின்செப் அதனை ஆராய்ந்து, அத்தகைய பொறுப்பை ஏற்கும் தகுதி இலட்சுமய்யாவுக்கு இல்லை என்று கருத்துரைத்தார். முப்பது ஆண்டுகளுக்குமேல் அத்தொகுப்போடு வாழ்ந்தவரைப் பற்றிய கருத்து அது. சுவடிகளை ஆராய்ந்து அட்டவணைப்படுத்தும் பணி வில்லியம் டெய்லர் என்னும் மறைபரப்பாளரிடம் சென்றது.

தொகுப்பின் ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் பொதுப்பெயர் 'மெக்கன்சி சுவடிகள்'. தனித்தனிக் கைபீதுகளின் இறுதியில், அவற்றை எழுதியவர், எழுதி அனுப்பியவர் பெயர்கள் ஆங்காங்கே காணப்படுகின்றன. பலவற்றில் ஊரின் பெயர் மட்டுமே உண்டு.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தில் நினைவில் உள்ள முன்னோர் பெயர்களை முதியோரிடம் கேட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் தலைப்பெழுத்து மாறிய வகையை எழுதுக.

உங்கள் ஊர்ப்பெயர் வழிகாட்டிப் பலகையிலும் பேருந்திலும் பழைய ஆவணங்களிலும் எவ்வெவ்வாறு எழுதப்பட்டுள்ளது எனத் தொகுத்து, எவ்வொலி எங்கு மாறியுள்ளது என வகுப்பில் கலந்துரையாடுக.