சின்னக் குறையும் பெரிய ஆபத்தும்



கொட்டாஞ்சேனையில் என் அக்கா மகன், "மாமா, நானும் ரொக்கட்டில் போகப்போறேன்" என்றான். நல்ல ஆசைதான். ஆபத்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

2003 ஜனவரி 16இல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் கொலம்பியா விண்கலத்தில் போனார்கள். ஏறும்போதே ரெஜிபோம் மாதிரி நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. படமெடுத்துப் பார்க்கும்படி சில பொறியியலாளர் கேட்டார்கள். முந்தியும் நுரை விழுந்ததுதானே என்று மேலிடம் விட்டுவிட்டது. பெப்ரவரி 1ஆம் திகதி திரும்பும்போது ஓட்டை வழியே கடும் சூடு புகுந்து கலம் சிதறியது. இறங்க 16 நிமிடமே இருந்தது. ஒருவரும் தப்பவில்லை.

லயத்தில் மின்கம்பி தொங்கினால், ஸ்டோரில் மெசின் மூடி கழன்றிருந்தால், "எப்பவும் இப்படித்தானே" என்று விடாதீங்க. உடனே சொல்லுங்கள். பிள்ளை சொன்னாலும் காது கொடுங்கள்.